விமலாவின் கம்ப்யூட்டரும் உன் அப்பாவும்

ரந்தாவ்,
மலேசியா,
புதன்கிழமை காலை

அன்பு மகன் யோகேந்திரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி விமலாவும் சாமி புண்ணியத்தில் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறுகிறது இறங்குகிறது, எனக்கு முட்டி வலி வழக்கம்போல. டப்ளினில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் கேட்டால் ம்ம் என்கிறாய், அந்த ம்ம் சுகத்தைச் சொல்கிறதா சாப்பிடாமல் கிடப்பதைச் சொல்கிறதா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை. இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் நான் ஒரு சங்கதியை ஆரம்பித்து நடுவுக்கு வருவதற்குள் மீட்டிங் என்று சொல்லி ஓடிவிடுகிறாய், கடிதத்தை விட்டு எங்கே ஓடுவாய் பார்க்கிறேன். முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், தின்றுகொண்டே படி, ஆனால் முதல் பக்கத்திலேயே முறுக்கைத் தீர்த்துவிடாதே, சங்கதி நீளம்.

விமலா கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீலாயில் அவள் பிளான் வரைந்துகொண்டிருந்த பேக்டரியில் வரைகிற பிரிவையே மூடிவிட்டார்கள், அவர்கள் கொடுத்திருந்த லேப்டாப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து பிள்ளை வீட்டில்தான். சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை, வீட்டிலிருக்கிற திரைச்சீலையெல்லாம் துவைத்தாள், துவைத்ததையே மறுபடியும் துவைத்தாள், என் அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினாள், இப்போது எனக்கே மிளகு எங்கே என்று தெரியவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது. எதிர்வீட்டு நீலாவதி வேறு, துணி காயப்போடும்போதெல்லாம் பாப்பா இன்னும் வேலைக்குப் போகலையா என்று விசாரிப்பாள், நல்ல மனசோடுதான் கேட்பாள், ஆனால் இவள் அதற்குப் பிறகு வாசல் பக்கமே வரமாட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜண்டு சிங்கப்பூரில் பேக்டரி வேலை, ஷிப்ட், தங்க ஹாஸ்டல், திங்கட்கிழமைக்குள் சரியா இல்லையா சொல்லு என்று நின்றான். அதே வாரம் சிரம்பானில் வீட்டு பிளான் போடுகிற ஆபீஸ் வைத்திருக்கிறாளே சிந்துஜா, நம் குலசேகரம் சாரின் மகள், அவள் கூப்பிட்டு, "வீட்டுல இருந்தே வரையலாம் விமலா, கம்ப்யூட்டர் மட்டும் உன்னோடதா இருக்கணும், ஒரு பிளான் தர்றேன், திங்கட்கிழமை அனுப்பு, பார்த்துட்டு சொல்றேன்" என்றாள். ஆக, பிள்ளை எங்களோடு இருப்பதா பாலம் தாண்டி சிங்கப்பூர் போவதா என்பது ஒரு கம்ப்யூட்டரிடம் போய் நின்றது. கம்ப்யூட்டரோ வீட்டில் இல்லை.

அப்போதுதான் ஐயா நீ உள்ளே வந்தாய். அடேயப்பா, என்ன யோசனை, என்ன யோசனை! காலையில் ஒரு வீடியோ, மத்தியானம் ஒரு வீடியோ. தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கம்ப்யூட்டரே கிடையாது என்றாய், கண்ணாடி வைத்த பெட்டி வாங்கச் சொன்னாய், உள்ளே கலர் கலராக லைட் எரிய வேண்டும் என்றாய். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன், திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கு, உள்ள எந்த சாமி என்று கேட்டார். நீ பெரிய படிப்பு படித்தவன், உன் ஆபீசில் அப்படித்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விமலா நீ அனுப்பியது எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியது எது என்று தானே உட்கார்ந்து யோசித்தாள். அவள் வரைவது கோடும் கட்டமும், சுவரு இங்கே, கதவு அங்கே, கக்கூஸ் குழாய் இங்கே என்று, அதற்குப் பெரிய கார்டு தேவையில்லை, படம் காட்டுகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற புரோசசர் வந்திருக்கிறது, அது போதும் என்றாள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். "கார்டு தனியா வாங்குறது கடையில போய் சோத்துக்குக் கறி லாவுக் ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிற மாதிரிம்மா, இது நாசி லெமாக் சோத்துப் பொட்டலம், சம்பலும் உள்ளேயே இருக்கு, பசிக்குப் போதும்லா" என்றாள். அப்படிப்பட்ட புரோசசர் தனக்கென்று மெமரி வைத்துக்கொள்ளாதாம், பொதுவிலிருந்துதான் எடுத்துக்கொள்ளுமாம், அதனால் மெமரியை ஒரே துண்டாக வாங்காமல் ஜோடியாகப் போட்டால்தான் படம் வேகமாக வருமாம். சின்ன வயதில் நீ உன் தட்டை மூடி வைத்துவிட்டு தங்கச்சி தட்டில் கைவைப்பாயே, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சிரம்பானுக்குப் போனோம். கடை முதலாளி சீனத் தவுக்கே நல்ல மனிதன், தமிழே நம்மைவிட நன்றாகப் பேசுகிறான். முதலில் ஒரு புரோசசரை எடுத்து வைத்து இதுதான் மலிவு என்றான், அப்பா உடனே கையை நீட்டிவிட்டார், மலிவு என்ற சொல் காதில் விழுந்தால் உன் அப்பாவுக்குக் கை தானாக நீளும். விமலா அதைத் திருப்பிப் பார்த்து, "இதுல படம் வராதுப்பா, இதுக்குக் கார்டு தனியா போடணும், அப்புறம் எங்க மலிவு" என்றாள். அப்பா தவுக்கேயைப் பார்த்து, "படம் வராத கம்ப்யூட்டரை யாருலா வாங்குவா, ரேடியோவா இது" என்று ஒரு பிடி பிடித்தார், அவனும் சிரித்துவிட்டு, விலை கொஞ்சம் கூடுதல், படமும் சேர்ந்தது என்று இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான். புதுசு புதுசாக வருவதில் மேல்படியும் இல்லை, ரொம்பப் பழசும் இல்லை, நடுவில் ஒன்று. போர்டில் பிற்பாடு கார்டு செருக இடம் இருக்கிறது, வேலை பெருத்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விமலா சொன்னாள். நீ அன்றைக்கு இரண்டு தடவை போன் செய்து கார்டு வாங்கினீர்களா என்று கேட்டாய், நான் வாங்கவில்லை என்றேன், நீ பெருமூச்சு விட்டது டப்ளினிலிருந்து ரந்தாவ் வரைக்கும் கேட்டது.

கடையில் பூட்டக் கொடுத்தால் அடுத்த வாரம் ஆகும் என்றதால் விமலா தானே பூட்டுவதாகச் சொல்லி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று சாயங்காலம் பூட்டுகிற வீடியோ ஒன்றை டிவியில் போட்டுப் பார்த்தாள், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், நானும் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன், ஒரு வெள்ளைக்காரன் ஒவ்வொன்றாக மாட்டுகிறான். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றி, பிள்ளை மேசையில் உட்கார்ந்தாள். எனக்கு என்ன தெரியும், ஆனால் பார்க்க அழகாக இருந்தது, ஸ்க்ரூவெல்லாம் ஒரு கிண்ணத்தில், கைவிரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்கிறாள், ஒரு சத்தம் இல்லை. எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. லைட்டும் எரிந்தது. படம் மட்டும் வரவில்லை. மானிட்டர் கரிச்சட்டி மாதிரி நின்றது. நீ போனில் கேட்டாயே, மானிட்டர் சுவிட்சைப் போட்டீங்களா என்று, போட்டோம் ஐயா, போட்டோம், வயரையும் போர்டு பின்னால் இருக்கிற ஓட்டையில்தான் சொருகினோம், நாங்கள் ரந்தாவ்காரர்கள்தான், ஆனாலும் அவ்வளவு இல்லை.

அவள் கழற்றினாள், மாட்டினாள், மெமரியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், வயரை மாற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. தவுக்கேக்குப் போன் போட்டால் அவன் ஈப்போவில் தம்பி கல்யாணத்தில் இருக்கிறான், செவ்வாய்க்கிழமை கொண்டாங்க என்கிறான். திங்கட்கிழமை பிளான் அனுப்ப வேண்டியவளுக்குச் செவ்வாய்க்கிழமை என்ன பிரயோசனம்? சனிக்கிழமை நீ மெசேஜ் அனுப்பினாய், நான் அப்பவே சொன்னேன், உள்ளே வருகிற கிராபிக்ஸ் எல்லாம் உதவாது, கார்டு ஒன்று இங்கிருந்து அனுப்புகிறேன் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேசாமல் சிங்கப்பூர் போ, அனுபவமாக இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தாய் பார், அந்த வரிக்காக உன்னை நேரில் பார்க்கும்போது காதைத் திருகலாம் என்று இருக்கிறேன், குனிந்து கொடு, எனக்கு எட்டாது. அதைப் படித்துவிட்டுப் பிள்ளை ஏஜண்டைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பரணிலிருந்து உன் பழைய பேக்கை இறக்கித் துடைத்தாள். நான் அடுக்களையில் நின்று வெங்காயத்தை நறுக்கினேன், அன்றைக்குச் சமையலுக்கு வெங்காயமே தேவையில்லை. அப்பாவோ சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை, சீனிக்கு மாத்திரை போடணும் வாங்க என்றால் பப்பாளி மரத்தடியில் போய் நிற்கிறார். மகள் போகப்போகிற கவலை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தவுக்கேயிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று விமலா ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள். புரோசசரை எடுத்தவள் அப்படியே நின்றாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இதை மோந்து பாரு" என்றாள். நான் மோந்து பார்த்தேன். சந்தனம்! கம்ப்யூட்டர் சாமான் கோயில் மாதிரி மணக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் தங்க நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கிறது, அந்தப் புள்ளி வழியாகத்தான் எல்லாமே ஓடுமாம், அதன் நடுவில் மெல்லிசாக ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் ஒரு குங்குமத் துணுக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தோம். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

உனக்குத் தெரியாததா என்ன. மில்லில் பிட்டராக இருந்த காலத்தில் ஆயுத பூசை வந்தால் பாய்லரிலிருந்து மேனேஜர் கால்குலேட்டர் வரைக்கும் பொட்டு வைத்த கை அது. நம் வீட்டு ரைஸ் குக்கருக்குப் பொட்டு உண்டு, வாஷிங் மெஷினுக்குப் பொட்டு உண்டு, உன் முதல் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாரே, நீ நசுக்கத் தெரியாமல் கால்வாயில் விட்டாயே. இப்போது அந்த வீடியோவில் வெள்ளைக்காரன் புரோசசர் நடுவில் வெள்ளையாகப் பசையை ஒரு பொட்டு வைத்தான், சூடு இறங்குவதற்கு வைக்கிற பசையாம் அது. இவர் என்ன நினைத்தார் தெரியுமா, பரவாயில்லையே, வெள்ளைக்காரனே பொட்டு வைத்துத்தான் ஆரம்பிக்கிறான், நாம் வைக்காமல் விடலாமா என்று. ஆனால் அவன் எழுத்து இருக்கிற பக்கத்திலேயே வைத்துவிட்டானாம், எழுத்தை மறைக்கலாமா, படிப்பு சாமானாச்சே, விவஸ்தை கெட்டவன் என்று திட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் விமலா குளிக்கப் போன நேரம் பார்த்து டப்பாவைத் திறந்து, திருப்பி, தங்கமாக மின்னுகிற பக்கத்தில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, கும்பிட்டிருக்கிறார். குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டதும் துண்டால் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். நான் சத்தம் போட்டேன் ஐயா, பொய் சொல்லவில்லை, நீலாவதி வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் போட்டேன், இரண்டு நாளாக ஊமை மாதிரி இருந்தீங்களே என்று. அவர் மெதுவாக, "துடைச்சிட்டேன்லா, துடைச்சதுல போயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் படம் வரலன்னதும் பயந்துட்டேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். பிறகு விமலாவைப் பார்த்து, "இந்தச் சாமான் நல்லா ஓடணும், நீ எங்கேயும் போகாம வீட்டோட இருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான்மா வச்சேன். கடைசியில அதுவே உன்னைத் தள்ளிவிடப் பார்க்குது" என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். நான் திட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

விமலா கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள், "எனக்கும் போக மனசில்லப்பா. சம்பாதிக்காம உட்கார்ந்து சாப்பிட வெட்கமா இருந்துச்சு, அதான் வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள். இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட யாருக்கு என்ன வெட்கம், சோறு ஆக்குகிறவள் நான், நான் ஏதாவது சொன்னேனா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தால் வேலை ஆகுமா. அப்பா விரலில் குத்தி சீனி பார்க்கும்போது துடைத்துக்கொள்கிற ஸ்பிரிட் பஞ்சு இருக்கிறதே, அவரே ஓடிப்போய் அந்தப் பாக்கெட்டை எடுத்து வந்தார். விமலா அந்தத் தங்கப் பக்கத்தைப் பொறுமையாக ஒற்றி ஒற்றித் துடைத்தாள், போர்டில் அது உட்கார்கிற இடத்தில் கையே வைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தாள், எல்லாம் காய்ந்த பிறகு, மேல் பக்கம் அந்த வெள்ளைப் பசையைப் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை, நீ மட்டும் பொட்டு வைக்கலாமா என்று கேட்டுவிட்டு என் முறைப்பைப் பார்த்து ஓரமாகப் போனார். சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, நான் மாரியம்மாள் சாமியைக் கூப்பிட்டேன், கொஞ்ச நேரம் கரியாகவே இருந்து, பிறகு பளிச்சென்று வந்தது பார் படம்! கார்டு இல்லாமல், உன் யோசனை இல்லாமல், உள்ளே இருக்கிறதை வைத்துக்கொண்டே வந்தது. நீ கார்டு அனுப்ப வேண்டாம், அனுப்பினால் அதற்கும் அப்பா பொட்டு வைத்துவிடுவார்.

அதிலிருந்து உட்கார்ந்தவள் திங்கட்கிழமை மத்தியானம் பிளானை அனுப்பினாள். மம்பாவில் ஒரு வீட்டுக்குப் பின்னால் அடுக்களையை நீட்டிக் கட்டுகிறார்களாம், நகராண்மைக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய பிளான். சாயங்காலமே சிந்துஜா கூப்பிட்டாள், கக்கூஸ் கதவு திறந்தால் கை கழுவுகிற தொட்டியில் இடிக்கும், அதை மாற்று, மற்றதெல்லாம் சுத்தமா இருக்கு, அடுத்த பிளானும் அனுப்புறேன் என்றாளாம். விமலா ஏஜண்டைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னாள், அவன் கத்தினான், இவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மன்னிச்சிருங்க அண்ணே என்று வைத்துவிட்டாள். உன் பேக்கைத் திரும்பப் பரணில் ஏற்றியாகிவிட்டது. நேற்று நீலாவதி விசாரித்தபோது பிள்ளையே வாசலுக்கு வந்து நின்று பதில் சொன்னாள்.

இது வரைக்கும் உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படம் வந்த பிறகு அப்பா அடுக்களைக்கு வந்து தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என் பேரைச் சொல்லி, "சின்னவ மனசில்லன்னு வாயைத் திறந்து சொல்லிட்டா. பெரியவன் போனப்போ அவனுக்கு மனசு இருந்துச்சா பஞ்சாலை? நாம கேட்டோமா?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். உன் வேலை கிடைத்தது, விசா வந்தது, ஒரு தடங்கல் இல்லை, எல்லாரும் சந்தோஷமாகக் கேஎல்ஐஏ ஏர்போர்ட்டுக்கு வந்து கையைக் காட்டினோம். நீயும் சிரித்துக்கொண்டுதான் போனாய். கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை, அவர் கேட்கவும் மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். அங்கே மனசோடுதான் இருக்கிறாயா ஐயா? இருக்கிறாய் என்றால் சந்தோஷம், நன்றாக இரு, நாங்கள் இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இல்லை என்றால் அதையும் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை, உன் அறை அப்படியே இருக்கிறது.

மாரியம்மாள் உன்னைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல், நினைத்தது கைகூடி, தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, ரொட்டியே தின்று நாளைக் கழிக்காதே, சாதம் ஆக்கு. நான் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல், ஆனால் என்னிடம் சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்.

உன் அம்மா,
பஞ்சாலை தர்மராஜ்